வெள்ளலூருக்கு வந்த திபேரியஸ்

திருப்பூர் ஏற்றுமதிக்குப் பிறந்த வருஷம் எது என்று கேட்டால் ஊரில் எல்லோரும் 1978 என்பார்கள். பம்பாய்க்காரர்கள் மூலம் வெள்ளை டீ-சர்ட் வாங்கிக்கொண்டிருந்த வெரோனா என்ற இத்தாலி இறக்குமதியாளர், சரக்கு எங்கே தைக்கப்படுகிறது என்று விசாரித்து நேராக நம்ம ஊரிலேயே வந்து இறங்கிய வருஷம் அது. அதுவரை உள்ளூருக்குப் பனியனும் ஜட்டியும் போட்டுக்கொண்டிருந்த ஊர் அதற்கப்புறம் எப்படி ஆனது என்பது தெரிந்த கதை. நொய்யல் கரைக்கும் இத்தாலிக்கும் தொடர்பு அன்றைக்குத்தான் தொடங்கியது என்றே தொழிலில் இருந்த எங்களுக்கெல்லாம் நினைப்பு. அது பழைய கணக்கில் புதுப் பேரேடு என்பது எனக்கு உறைத்தது நாப்போலிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றும்போதுதான்.

அங்கே என்னைச் சுற்றிக் காட்டிய சிநேகிதன் சென்னிமலைப் பக்கத்துக்காரன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போய், யார் யாரையோ பிடித்து இத்தாலி போய்ச் சேர்ந்தான். இப்போது சான் ஜூசெப்பே வெசுவியானோ என்ற ஊரில் மொத்த ஜவுளிக் கடை ஒன்றில் இருக்கிறான். வெசுவியஸ் எரிமலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊர், பார்க்க நம்ம திருப்பூர்க் காதர்பேட்டையேதான். கடைக்குக் கடை மூட்டை, வாசலில் வேன், உள்ளே பேரம். மிலான் பக்கம் வாங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு ரயிலேறி அவனிடம் போயிருந்தேன். செப்டம்பர் கடைசி, திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது. "கோயிலு, சர்ச்செல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் மாப்ளே, மொதல்ல தோட்டத்துக்குப் போலாம் வா" என்றான்.

மலைச்சரிவில் இருந்த முதல் தோட்டத்தின் சொந்தக்காரி வயதான அம்மாள். பேசுவதற்கு முன்னாலேயே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினாள். கறுப்பு மணல். கனமே இல்லை, ஆனால் வெயிலில் கண்ணாடித் தூள் மாதிரி மினுக்கியது. எரிமலை துப்பியது. 1944 மார்ச்சில்தான் கடைசியாக வெடித்து, அந்தப் பக்கத்துச் சில ஊர்களையே மூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களையெல்லாம் தின்று தீர்த்தபோது, மற்ற தேசத்தார் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். இந்த மணலில் அந்தப் பூச்சி நிலைக்காது. அதனால் இங்கே பல தோட்டங்களில் கொடி இன்னும் சொந்த வேரில்தான் நிற்கிறது. தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தலில் விட்ட திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மார்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக நின்ற கொடிகள் ஏதோ நாற்றங்கால் போலத்தான் பட்டன.

ஊற்றிக் கொடுத்தது 'லாக்ரிமா கிறிஸ்தி'. கிறிஸ்துவின் கண்ணீர் என்று பெயர். துவர்ப்பும் கொஞ்சம் புகை நெடியும். தக்காளி தேய்த்த ரொட்டியோடு இறங்கியது. என் சிநேகிதன் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏண்டா மாப்ளே, இதையத்தான் கப்பல்ல ஏத்தி நம்மூருக்கு அனுப்பிச்சானுங்களா? இதுக்கு நம்ம தெளுவே தேவல" என்றான். பதநீரைத்தான் எங்கள் பக்கம் தெளுவு என்போம். பள்ளிக்கூடத்தில் யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றித் தமிழய்யா சொன்னது அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது.

அனுப்பினார்கள் என்பதற்கு அந்த அம்மாள் கையில் கொட்டிய மணலே சாட்சி. ரோமானியர் வைன் அடைத்தது ஆம்போரா என்ற இரண்டு காதுச் சாடியில். அடி கூர்மையாக இருக்கும், நிற்காது. கப்பலின் அடித்தட்டில் ஒன்றன் தோளில் ஒன்றாகச் செருகி அடுக்குவதற்கு அந்த வடிவம். உள்ளே கசியாமல் இருக்கப் பைன் மரப் பிசினைக் காய்ச்சிப் பூசியிருப்பார்கள். நாப்போலி வளைகுடாவைச் சுற்றியிருந்த சூளைகளில் களிமண்ணோடு இந்த எரிமலை மணலைத்தான் கலந்தார்கள். அதனால் உடைந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளி தெரியும். உலகத்தில் எந்த மூலையில் கிடைத்தாலும் இது வெசுவியஸ் பக்கத்துச் சாடி என்று தொல்லியல்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. முசிறி என்று பலரும் கருதும் கேரளத்துப் பட்டணத்திலும், 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்தன. கிரேக்கத்துக் கோஸ் தீவுச் சாடியின் ஓடுகளும் உண்டு. கோஸ் வைனில் கடல் தண்ணீர் கலப்பது வழக்கம். உப்புக் கரிக்கும் அந்தச் சரக்கை வயிற்றுக்கு நல்லது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஏற்றுமதித் தரத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்களின் முன்னோர் கதை இது.

பழைய ஆலை ஒன்றையும் பார்த்தாக வேண்டும் என்றான் சிநேகிதன். வெசுவியஸைச் சுற்றி ஓடும் சின்ன ரயிலில் போய் இறங்கினால் பொஸ்கோரியாலே என்ற ஊரில், அடுக்கு மாடி வீடுகளுக்கு நடுவே ஒரு பெரிய குழி. குழிக்குள் வில்லா ரெஜினா. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல் மூடிய பண்ணை வீடு, 1977-ல் வெளியே வந்தது. மாளிகையெல்லாம் இல்லை, நடுத்தர விவசாயியின் இடம். திராட்சையை மிதித்துப் பிழிகிற தொட்டி ஒரு பக்கம். முற்றத்தில் கழுத்தளவு மண்ணில் புதைத்த 18 மண் குதிர்கள், வாய் மட்டும் தரைக்கு மேலே. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் லிட்டர் அளவுக்குப் பிடிக்கும் என்கிறார்கள். சாம்பலில் செத்த பன்றி ஒன்றின் வார்ப்பும் அங்கே உண்டு. நான் பன்றியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆம்போராவுக்கு ஏறக்குறைய 26 லிட்டர். முழு ஆலையும் நிரம்பினால் சாடிக் கணக்கில் 380-ஐச் சுற்றி. சாடியும் சரக்குமாக ஒன்று 40 கிலோவைத் தாண்டும். ஒரு சின்னப் பண்ணையின் ஒரு வருஷத்துச் சரக்கு, இன்றைய கன்டெய்னர் ஒன்றில் எடை தாங்கும், இடமும் போதும்.

மண்ணில் புதைத்துப் பக்குவம் பண்ணுவது அவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. கபிலர் பாரியின் பறம்பு நாட்டைப் பாடுகையில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த கள்ளைச் சொல்கிறார். மலைக்காரர்கள் தேறலை மூங்கில் குழாயில் அடைத்து வைத்ததும் சங்கப் பாட்டுகளில் வருகிறது. ஆக, நம்ம ஊரில் குடிக்க ஒன்றும் இல்லாமல் யவனக் கப்பலைப் பார்த்துக் காத்திருக்கவில்லை.

வில்லா ரெஜினாவைச் சாம்பல் மூடிய அதே வெடிப்பில்தான் மூத்த பிளினி செத்தார். மிசேனும் துறைமுகத்தில் ரோமானியக் கடற்படைத் தளபதி. வளைகுடாவைக் கடந்து ஆட்களைக் காப்பாற்றப் போனவர், ஸ்டாபியே கரையில் மூச்சு முட்டி விழுந்தார். அவர் எழுதி வைத்த 37 புத்தகக் களஞ்சியத்தை அரசியல் மேடையில் மேற்கோள் காட்டாதவர் நம் பக்கம் குறைவு. வருஷத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறது என்று அவர் புலம்பியதை எல்லோரும் சொல்வார்கள். அதே பிளினி வைனுக்கென்று ஒரு புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறார். பொம்பேயி வைனைக் குடித்தால் மறுநாள் நடுப்பகல்வரை தலைவலி விடாது என்று அதில் ஒரு குறிப்பு. கடைசிப் புத்தகத்தில் மணிக்கற்களைப் பற்றிப் பேசும்போது, நல்ல பெரில் கல் இந்தியாவில் தவிர வேறெங்கும் அரிது, கடல் நிறத்தில் இருப்பதே உசத்தி, இந்தியர்கள் அதை நீளமாகவே விரும்பித் துளை போட்டு யானை முடியில் கோக்கிறார்கள் என்கிறார். வைன், காசு, கல் மூன்றையும் பற்றி எழுதிய ஒரே ஆள், வைன் விளைந்த மலையே வெடித்துச் செத்திருக்கிறார்.

அந்தக் கல் எங்கே கிடைத்தது? காங்கயம் போகிற வழியில் படியூர் இருக்கிறதே, அங்கே. பெரில் கல்லைத்தான் நம்மவர் வைடூரியம், பச்சைக்கல் என்று கலந்து கட்டிச் சொல்வார்கள். 1819-20 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டி இரண்டாயிரத்துக்கு மேல் கல் எடுத்தார் என்று கும்பினிக் காலத்துப் பதிவு இருக்கிறது. படியூரிலிருந்து நொய்யல் கரைக் கொடுமணல் பக்கம்தான். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணத்து நகை வேலையைச் சொன்ன அதே ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ல் குழி போட்டதிலிருந்து அங்கே கிடைத்தவற்றைச் சொல்லி மாளாது. மணி செய்த பட்டறை, பாதி துளைத்து விட்ட கல், இரும்பு உருக்கிய உலை, நூல் நூற்ற தக்களிக் குண்டு, பானை ஓட்டில் தமிழ்ப் பிராமியில் கீறிய ஆதன், சாத்தன் என்ற பெயர்கள். ஓர் ஓட்டில் 'நிகம' என்று இருக்கிறது, வணிகர் சங்கம் என்று அர்த்தம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அசோசியேஷன் வைத்திருந்தார்கள் என்று நான் அடிக்கடி எங்கள் ஆட்களிடம் சொல்வதுண்டு. அதே கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, எங்கள் சாயத் தண்ணீரைத் தேக்கிப் பேர் கெட்டுப் போனது. என் சிநேகிதன் பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான் என்பதால் அவனிடம் அணைப் பேச்சை எடுப்பதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். நாப்போலிப் பக்கத்துச் சாடி முசிறிக்கு வந்த வழி கொஞ்ச நஞ்சமில்லை. பொத்ஸ்வோலித் துறைமுகத்தில் ஏற்றினால் அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் நதியில் படகு ஏறிக் கோப்டோஸ். அதன்பின் ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம். பெரனிகே துறைமுகம் வரை பன்னிரண்டு நாள் என்று பிளினி எழுதுகிறார். பிறகு செங்கடல், தென்மேற்குப் பருவக்காற்று, முசிறி. திரும்பும் வழியில் மிளகு. பெரனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் நம் நாட்டுப் பானை ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். இவ்வளவு தூரம் 40 கிலோச் சாடியைத் தூக்கிவந்து, வழியில் உடைந்தது போக விற்றால் என்ன மிஞ்சும்? சரக்கு விலையைவிடக் கூலி அதிகமாகும் ஐட்டத்தை எந்த வியாபாரியும் அதிகம் ஏற்றமாட்டான்.

அதிகம் ஏற்றவில்லை என்றே அன்றைக்குக் கப்பலில் வந்தவர் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு' என்ற கிரேக்கக் கையேடு, ஊர் ஊராக எது விலை போகும், எது போகாது என்று சொல்லும் வியாபாரிப் புத்தகம். முசிறிப் பகுதிக்கு என்ன கொண்டுபோகலாம் என்ற பட்டியலில் முதலில் நிற்பது பணம், அதுவும் நிறைய. அப்புறம் துணி, பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, தகரம், ஈயம். வைனும் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் என்ற குறிப்போடு. அங்கிருந்து திரும்ப ஏற்றும் சரக்கில் மிளகு, முத்து, தந்தம் இவற்றோடு ஒளி ஊடுருவும் கற்களும் சேர்த்தி. இதில் படியூர்க் கல் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் பத்திரம். முசிறிச் சரக்கை ஈடாக வைத்து வாங்கிய கடன். செங்கடல் துறையில் இறங்கியதும் யார் பொறுப்பில் ஒட்டகம் ஏற்றணும், அலெக்சாந்திரியாவில் யார் முத்திரையில் கிடங்கில் வைக்கணும், தவணை தவறினால் சரக்கு யாருக்கு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. இந்திய ஏற்றுமதியாளர் வங்கியில் போடும் கையெழுத்தில் பாதி இதுதான். பின்புறம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. ரோமானிய அரசுக்கு அதில் 25 சதம் சுங்கம்.

அப்படியானால் வந்த கொஞ்ச வைனைக் குடித்தது யார்? நக்கீரர் பாட்டில் அதற்கு விடை இருக்கிறது. பாண்டியன் நன்மாறனைப் பார்த்து, யவனர் தந்த மணமுள்ள தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தரக் குடித்து மகிழ்ந்திரு என்கிறார். அரசனுக்கு, அதுவும் பொற்கிண்ணத்தில். மேடைக்கு மேடை தமிழன் ரோமானிய மதுவைப் பருகினான் என்று முழங்குகிறவர்கள் இந்தக் கிண்ணத்தைக் கவனிப்பதில்லை. முசிறித் துறையில் மூட்டை சுமந்தவனும் கொடுமணலில் கல் துளைத்தவனும் அதன் வாசனையைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆம்போரா ஓடுகள் கடற்கரைப் பட்டணங்களில் குவிகின்றன. உள்நாட்டில், கரூர் மாதிரி தலைநகர்களில் சில்லறையாகக் கிடைக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் ஏறிச் சாடி வந்தது மிகக் குறைவு.

கணவாய் ஏறி வந்தது வெள்ளி.

கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் ஒரு புதையல். 500-க்கு மேல் ரோமானிய வெள்ளித் தினாரியஸ்கள். அதற்குப் பிறகும் அந்த ஊரில் கிடைத்துக்கொண்டே இருந்தன. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பூதிநத்தம், காத்தாங்கண்ணி, பழனியை ஒட்டிய கலயமுத்தூர் என்று கொங்கு முழுக்க ரோமானியக் காசுப் புதையல்கள். இந்தியாவில் ரோமானியக் காசு அதிகம் கிடைத்த வட்டாரங்களில் ஒன்று நம்முடையது. இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோவை மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு என்றுதான் ஊருக்குத் தெரியும், அது கிடக்கட்டும்.

அந்தக் காசுகளில் பெரும்பாலும் இரண்டே இரண்டு முகம். ஒன்று ரோமானியப் பேரரசன் அகஸ்டஸ். பின்பக்கத்தில் கேடயமும் ஈட்டியுமாக அவன் பேரப்பிள்ளைகள் இருவர். இன்னொன்று அவனுக்கு அடுத்து ஆண்ட திபேரியஸ், பின்பக்கம் உட்கார்ந்த பெண் உருவம். இரண்டு வகையும் அச்சானது இன்றைய பிரான்ஸின் லியோனில். இந்தத் திபேரியஸ் கி.பி. 22-ல் செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினான். நம் வீட்டுப் பெண்களின் மணிக்கற்களுக்காக நம் பணம் அந்நியருக்குப் போகிறதே என்று அதில் வருத்தப்பட்டான் என ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதுஸ் சொல்கிறார். அதன்பின் கி.பி. 27 முதல் சாகும்வரை அவன் வாழ்ந்தது காப்ரி தீவில். அந்த அம்மாள் தோட்டத்து மேட்டில் நின்றால், கடலில் நீல நிழலாகத் தெரியும் தீவு அதுதான். எந்தப் பணம் போகிறதென்று அழுதானோ, அவன் மூக்கு பொறித்த அந்தப் பணமே வெள்ளலூர்ப் பானைக்குள் இருந்தது. சிநேகிதனிடம் இதைச் சொன்னபோது அவன் தீவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஏன் இந்த இரண்டு பேர் காசு மட்டும்? என் தொழில் புத்திக்கு இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கி.பி. 64-ல் நீரோ தினாரியஸின் எடையையும் சுத்தத்தையும் குறைத்தான். அதற்கப்புறம் அச்சான வெள்ளிக்காசு நம் பக்கம் வெகு குறைவு. உரசிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, பழைய காசு கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். காசை நாணயமாகப் பார்க்காமல் வெள்ளியாகப் பார்த்ததால்தான் இப்படித் தேர்வு செய்யத் தோன்றும். ஒரு தினாரியஸ் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 500 என்றால் இரண்டு கிலோவை ஒட்டிய வெள்ளி. அன்றைக்கு ரோமானியச் சிப்பாயின் வருஷச் சம்பளம் 225 தினாரியஸ். பானையைப் புதைத்தவன் சிப்பாயின் இரண்டு வருஷ உழைப்பைக் குழிக்குள் இறக்கியிருக்கிறான். கல்லுக்கா, இரும்புக்கா, மலை இறங்கிய மிளகுக்கா, துணிக்கா, எதற்கு வாங்கியது என்று பானை சொல்லாது. திரும்பி வந்து எடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி. வந்த லாபத்தை வெள்ளியாக்கிப் பூமிக்குள் போட்டுவிட்டு மேலே பழைய வேட்டியோடு திரிந்திருப்பான். அந்தக் குணம் எங்கள் வட்டாரத்தில் இன்னும் போகவில்லை. வெள்ளிக்குப் பதில் காடு வாங்கிப் போடுகிறோம்.

நாப்போலி அருங்காட்சியகத்துக்கும் போனோம். 1938-ல் பொம்பேயியில் கிடைத்த தந்தப் பெண் சிலையைப் பார்த்ததும் சிநேகிதன் நம்ம ஊர் வேலை என்று குதித்தான். ஒரு சாண் உயரம், கழுத்தும் காலும் நகை. இந்திய வேலைதான், ஆனால் தக்காணத்தது என்பார்கள். கொங்குக்கு அதில் பங்கு கேட்க முடியாது என்று அவனை இழுத்துக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது அவெர்சா. நாப்போலிக்கு வடக்கே, சமவெளி. அங்கே அஸ்பிரினியோ என்ற வெள்ளைத் திராட்சையைப் பந்தலில் விடுவதில்லை, பாப்லர் மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். மரத்துக்கு மரம் கொடி தாவி, பதினைந்து மீட்டர் உயரத்துக்குப் பச்சைச் சுவர். அறுவடைக்கு ஆள் ஏறணும். ஒற்றை ஏணி, அந்தந்த ஆளின் உடம்புக்குத் தக்கபடி அளவெடுத்துச் செய்தது. படியில் ஒரு முழங்காலை மடக்கிப் பூட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் குலை அறுக்கிறார்கள். கூடையின் அடி கூம்பு. நிறைந்ததும் கயிற்றில் விட்டால், கீழே உழுத மண்ணில் குத்திக்கொண்டு சாயாமல் நிற்கிறது. ஏறியவருக்கு அறுபதுக்கு மேல் வயது. இளவட்டம் யாரும் ஏற வருவதில்லை என்றாள் அவர் மகள். பிளினி இந்த வட்டாரத்தையே சொல்லியிருக்கிறார். காம்பானியாவில் கொடிகள் மரத்தில் அவ்வளவு உயரம் ஏறுவதால், கூலிக்கு வருகிறவன் விழுந்து செத்தால் எரிக்கவும் புதைக்கவும் ஆகும் செலவையும் கூலிப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்வானாம்.

பனையேறியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. காலில் தளைக்கயிறு, இடுப்பில் பாளை சீவும் அரிவாள், முட்டி. சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிட்டால் கள். மரம் ஏறுகிறவருக்கு வருகிற ஆபத்து ஒன்றேதான், செலவை யார் ஏற்பது என்பதைத்தான் நம் பக்கம் யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. உங்கள் ஊரில் இதை எங்கே குடிக்கலாம் என்று அந்த மகள் கேட்டபோது சிநேகிதனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கள்ளுக்கடை மறியல் காலத்தில், 1921-ல், ஈரோட்டுக்காரரான பெரியார் தன் தோப்புத் தென்னைகளைக் கள் இறக்கக் கூடாதென்று வெட்டிச் சாய்த்தார். 500-க்கு மேல் என்பார்கள். 1937 அக்டோபர் முதல் தேதி, நாட்டிலேயே முதலாக ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது எங்களுக்கு அடுத்த சேலம் மாவட்டத்தில். இடையில் திறந்தார்கள், மூடினார்கள். 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பாட்டில் சாராயத்தை அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. கள் வேண்டுமென்றால் வேலந்தாவளம் தாண்டிக் கேரளத்துக்குள் போகணும். அங்கே சித்தூர்த் தோப்புகளில் நம்ம தென்னைக்குச் சொந்தக்காரத் தென்னையிலேயே கள் இறக்கிக் கேரளம் முழுக்க அனுப்புகிறார்கள். முசிறிக் கப்பல் சரக்கு வந்த அதே கணவாயில்தான் அந்த எல்லைக் கோடு விழுந்திருக்கிறது. இவ்வளவையும் சிநேகிதன் இத்தாலியில் எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த குழப்பத்தை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். தோட்டம் வைத்தவன் தன் மரத்துச் சாற்றை இறக்கக் கூடாது என்பது அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் அது விளங்கியதில்லை.

அப்படியானால் எங்கள் வைனை உங்கள் ஊருக்கு அனுப்பலாமா என்றாள். இறக்குமதி வைனுக்கு அப்போது இந்தியாவில் 150 சதம் சுங்கம். அதன்மேல் மாநில வரி. 25 சதத்துக்கே அன்றைக்குப் பத்திரமெல்லாம் எழுதினார்கள் என்று ஹெர்மபொல்லோன் கதையைச் சொன்னேன். யோசித்தவள், சரி, அறுவடை ஆட்களுக்குத் தோட்டத்தின் பெயர் போட்ட டீ-சர்ட் அம்பது கிடைக்குமா என்று கேட்டாள். ஒரு கலருக்கு ஆயிரம் பீஸுக்குக் குறைந்து சாயமேற்ற முடியாதென்று சொன்னேன். சிநேகிதன் குறுக்கே புகுந்து முந்நூறுக்கு இறக்கினான். பாதிப் பணம் முன்கூட்டி, யூரோவில் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.